நீருள் மறைந்த வாளும் கயிலைத் திருக்கதவும்

பழமையெய்திப் பழுதுற்ற திருமேனியையும் திருக்கோயிலையும் புதுக்கும் முறையினை ஆகமங்கள் சீர்ணோத்தாரணம் என்னும் பெயரால் விரித்துரைக்கின்றன. அவ்விதியின் உயிர்நிலை யாதெனின், எதனைத் தொடலாம், எதனைத் தொடலாகாது என்னும் வரையறையே யாம். சிற்றுறுப்புச் சிதைந்த படிமம் செப்பஞ் செய்யப்படும். பேருறுப்பு இழந்தது நீக்கப்பட்டு ஆழ்ந்த நீரில் விடப்படும். தான்தோன்றியாகிய இலிங்கமோ பிளவுற்றதாயினும் நீக்கற்பாலதன்று. உலோகப் பட்டமிட்டுக் கட்டி அதனையே வழிபடல் வேண்டும். திருப்பணி நிகழுங் காலத்து மூர்த்தியின் சாந்நித்தியம் கும்பத்தின்கண் எழுந்தருளுவிக்கப்பெற்றுப் பாலாலயத்தில் வழிபடப்படும்; பணி முற்றியபின் மீளவும் உரிய இடத்தே நிலைபெறுவிக்கப்படும். சிதைந்த பகுதி புதிதாகலாம். முதற்பொருள் புதிதாதல் கூடாது என்பதே இவற்றாற் பெறப்படும் கருத்து.

இவ்வரையறை கோயிற் பணிக்கே உரியதென்று சுருக்கிக் கொள்ளற்க. கீழைக்கடற்கு அப்பால், ஒருகாற் சிவநெறி ஓங்கி நின்ற நாட்டில் நீருட் கிடந்து வெளிப்பட்ட ஒரு வாளின் வரலாறு இதனை வேறொரு வழியால் விளக்குகின்றது. சயாம் எனப் பண்டு வழங்கி இந்நாள் தாய்லாந்து எனப் பெயர் பூண்ட நாட்டின் அரசுரிமைச் சின்னங்கள் ஐந்து. வெண்கொற்றக்குடை வேறாக மேலே நிற்ப, பெருமகுடமும், வாளும், கோலும், விசிறியொடு கூடிய கவரியும், பாதுகையும் ஐந்தெனப்படும். அவற்றுள் வாள் ‘பிர சேங் கான் சைசீ’ என்னும் பெயரினது. ‘கான்’ என்பது கட்கம் என்னும் வடசொல்லின் திரிபு. ‘சைசீ’ என்பது ஜயஸ்ரீ என்பதன் திரிபு. வெற்றித்திருவாள் என்பது பொருளாயிற்று.

அவ்வாள் கிடைத்தது கி. பி. 1784ஆம் ஆண்டில். கிடைத்த இடம் காம்போச நாட்டின் நடுவணதாகிய தொன்லே சாப் என்னும் பேரேரி. இவ்வேரியின் இயல்பு வியக்கத்தக்கது. மழைக்காலத்து மேக்கோங் பேராறு பெருகுங்கால், ஏரியினின்று புறம்போந்து கடல்நோக்கி ஓடவேண்டிய கால்யாறு திசை திரும்பி ஏரிக்குள்ளே பாயும். கோடையிற் சுருங்கிக் கிடந்த ஏரி பன்மடங்கு விரிந்து காடுகளையும் வயல்களையும் மூடும். மழை ஓய்ந்தபின் நீர் மீண்டும் கடல்நோக்கித் திரும்பும். ஆண்டுதோறும் வண்டல் படியும் அவ்வேரியில், அங்கோர் நகர் இருந்த சியெம் ரீப் பக்கத்தே மீன்பிடிப்பார் வீசிய வலையில் அவ்வாள் அகப்பட்டது. அவர் அதனைக் கொணர்ந்து அந்நாளிற் காம்போசத்துச் சயாம் வேந்தர் சார்பில் அதிகாரஞ் செலுத்திய பேன் என்பாரிடம் கொடுத்தனர். அபைபூபேத் என்னும் பட்டமுடைய அவர், வாளின் பழமையையும் சிறப்பையும் கண்டு, பாங்காக்கிலே புதுநகர் எடுத்து ஆண்ட முதலாம் இராமர் என்னும் வேந்தர்க்கு அதனை விடுத்தார்.

வாள் நகர்க்குட் புகுந்த அன்று ஏழிடங்களில் ஒருங்கே இடி வீழ்ந்தது என்றும், அது கொண்டுசெல்லப்பட்ட அரண்மனை வாயில்களும் அவ்விடங்களுட் சேர்ந்தன என்றும் சயாம் நாட்டு மரபுரை கூறும். அரண்மனையின் புறவாயிலும் உள்வாயிலும் இன்றளவும் முறையே ‘விசேட்’, ‘பிமான்’ என்னும் அடைகளோடு ‘சைசீ’ என்றே பெயர் பெற்றிருத்தல் கண்கூடு. இடி வீழ்ந்ததோ இல்லையோ, பெயர் நிலைத்தது.

இனி, அவ்வாள் எந்நிலத்தினின்று வெளிப்பட்டது என்பதனைச் சைவர் சிறிது ஆழ்ந்து நோக்குதல் தகும். காம்போசத்தின் அங்கோர் அரசு சிவநெறியோடு பிறந்தது. இரண்டாம் சயவர்மன் என்னும் வேந்தன் கி. பி. 802இல் மகேந்திர பருவதத்திலே, தன் நாடு சாவகத்துக்கு அடங்காதிருத்தற் பொருட்டும் சக்கரவர்த்தி ஒருவனே நிலவுதற் பொருட்டும் ஒரு சடங்கு இயற்றுவித்தான். இரணியதாமர் என்னும் அந்தணர் அதனை இயற்றி, சிவகைவல்லியர் என்னும் ஆசாரியர்க்கு நான்கு தந்திரங்களை ஓதுவித்தார் என்று கி. பி. 1052இற் பொறிக்கப்பட்ட சுடோக் காக் தோம் கல்வெட்டுக் கூறுகின்றது. அந்நான்கும் வீணாசிகம், நயோத்தரம், சம்மோகம், சிரச்சேதம் என்பன.

இப்பெயர்களைக் கண்டவுடன் காம்போசத்துச் சைவம் நம் சித்தாந்த சைவமே என்று முழங்குதல் சிலர்க்கு எளிதாகலாம், அஃது உண்மையன்று. அவை வாமதேவ முகத்து வாமத் தந்திரங்கள். தும்புருவாகிய சிவமூர்த்தத்தையும் சயை, விசயை முதலிய சத்தியர் நால்வரையும் உபாசிக்கும் நெறியின. அவற்றுள் வீணாசிகம் நேபாளத்து ஏட்டினின்று எடுக்கப்பட்டுக் கி. பி. 1985இல் அச்சேறிற்று. சித்தாந்திகள் போற்றும் காமிகம் முதலிய இருபத்தெட்டு ஆகமங்களின் வேறானவை அவை. ஒரே முதல்வன் திருவாக்கினின்று தோன்றிய வெவ்வேறு சுரோதசுகள் எனக் கொள்வதே முறை. வேறுபாட்டை மறைத்துப் பெறும் பெருமை நெடுநாள் நில்லாது.

அங்கோர் வேந்தர்க்கு வாள் எத்துணை இன்றியமையாதது என்பதற்குச் சீன நாட்டுத் தூதுக்குழுவுடன் கி. பி. 1296இல் வந்து ஓராண்டளவு தங்கிய சூ தாகுவான் எழுதிய குறிப்பே சான்றாகும். அரசன் யானைமேல் நின்று உலா வருங்காற் கையில் அரிய வாளேந்தியிருப்பான் என்றும், ஓலக்கத்திற் பலகணியிடத்துத் தோன்றும்போதும் பொன்வாள் பிடித்திருப்பான் என்றும் அவர் எழுதினார். அதனினும் வலியதாகிய செய்தி ஒன்று அவர் நூலில் உளது. முன்னிருந்த வேந்தன் தன் மகளை மிக நேசித்தான். அவள் பொன்வாளை மறைவாகக் கவர்ந்து தன் கணவன் கையிற் கொடுத்தாள். ஆகலின் மகனுக்கு வரவேண்டிய அரசு மருமகனுக்காயிற்று. எதிர்த்த மகன் கால்விரல் தறிக்கப்பட்டுச் சிறைப்பட்டான். வாள் இருந்த கையில் நாடு இருந்தது. உரிமையைக் காட்டும் அடையாளமாக இருந்த ஒன்று உரிமையையே ஆக்குவதாக மாறிவிட்டால் அடையாளத்தைத் திருடினவன் அரசனாவான் என்பதற்கு இதனின் வேறு சான்று வேண்டுவதில்லை.

அங்கோர் நகரின் வடபாலில் ஏழாம் சயவர்மன் கி. பி. 1191இற் பிரதிட்டை செய்த பெருங்கோயில் இந்நாளிற் பிரஃக் கான், அஃதாவது திருவாள், என்றே வழங்குகின்றது. அக்கோயிற் கல்வெட்டு அந்நகரை ஜயஸ்ரீ என்று கூறும். இவ்விரு பெயரும் கூடினாற் சயாம் வாளின் பெயரே ஆதல் காண்க. அக்கோயிலுள் உருண்ட தூண்கள் தாங்கிய இருநிலைக் கட்டடம் ஒன்று உண்டு. அரசவாள் காக்கப்பட்ட இடம் அதுவாகலாம் என்று கருதுவாரும் உளர். ஏழாம் சயவர்மன் மகாயான பௌத்தன். எனினும் அக்கோயிலிற் சிவபிரானுக்கும் திருமாலுக்கும் தனியிடம் வகுத்தான். ஏரியிற் கிடைத்த வாளே அக்கோயிலின் வாள் என்று முடிபு கூறுதற்குப் பெயரொற்றுமை போதாது. பெயர் வாளோடு வந்ததா, சயாம் அரசவையில் வாளுக்கு இடப்பட்டதா என்னும் வினா நிற்கும்வரை அதனைச் சான்றாகக் கொள்ளல் ஆகாது.

வலையில் வந்தது அலகேயாம். முதலாம் இராமர் அதற்குப் பொன்னாற் கைப்பிடியும் உறையும் செய்வித்து, வைரமும் பிற மணிகளும் இழைப்பித்தார். ஈண்டு, அந்நாடுகளிற் பழைய அலகினைப் புதுக்கிப் பிடி பூட்டும் தொழிலின் இயல்பு சிறிது கூறப்படும்.

அந்நாட்டு வாள்களின் அலகு, பிடிக்குள் நெடுகச் செல்வதில்லை. அலகின் அடியிற் குறுகிய இரும்பு முனை ஒன்றே உண்டு. பிடியிற் குடைந்த துளையிலே அரக்கும் குங்கிலியமும் உருக்கி வார்த்து, அம்முனையைச் சூடாக்கிச் செருகி, ஆறுமளவும் நேர்நிறுத்திப் பிடிப்பர். ஆறியபின் அரக்கு இறுகிக் கல்போல் நிற்கும். நம் ஊர்க் கொல்லர் கத்திக்கும் அரிவாளுக்கும் பிடி இறுக்குவதும் இதனோடு ஒத்ததே. இம்முறையின் நலம் யாதெனின், பிடி உளுத்தபோது அலகுக்கு யாதொரு கேடுமின்றிக் கழற்றலாம் என்பது. சிறிது வெப்பங் காட்டின் அரக்கு இளகும். முனை தானே வெளிப்படும். இடருடையது அவ்வெப்பமே; அளவு கடந்தால் அலகின் பதம் போய்விடும். ஆதலின் தேர்ந்த தொழிலாளர் அலகை ஈரத்துணியாற் சுற்றி, பிடியின் பக்கத்தே மட்டும் வெம்மை செல்லவிடுவர்.

துருவினை நீக்குதலிலும் வரையறை உண்டு. இரும்பின்மேற் செந்நிறமாய்ப் பொருக்கெழுந்து உதிருந் துரு மேலும் மேலும் உண்டு செல்லும். அதனை அகற்றியே தீரல் வேண்டும். கருநிறமாய்ப் படிந்து இறுகிய படலமோ இரும்பைக் காக்கும். அதனை விட்டுவிட வேண்டும். சேற்றினுட் காற்று மிகச் சிறிதே புகும் இடத்திற் கிடந்த இரும்பு, ஈரமும் காற்றும் மாறிமாறிப் படும் இடத்ததனினும் நன்கு நிலைப்பதுண்டு. வெளியே எடுத்தபின்னரே அதற்கு இடுக்கண் மிகும். ஆர்வமுடைய அறியாதவன் சாணைக்கல்லில் வைத்துப் பளபளக்கத் தீட்டுவான். அப்போது துருவோடு பழைய கொல்லனின் மடிப்புக் கோடும், பொறித்த எழுத்து இருப்பின் எழுத்தும், அலகின் வடிவும் ஒருசேரத் தேய்ந்தொழியும். புதுவாள் ஒன்று கிடைக்கும், பழையவாள் போய்விடும். சாவகத்தார் தம் கிரிசு என்னும் குத்துவாளை எலுமிச்சைச் சாற்றாற் கழுவிப் பாடாணங் கலந்த நீரால் நிறமூட்டுவர். தலைமுறை தலைமுறையாக அங்ஙனஞ் செய்தமையால் இழைபோல் மெலிந்த அலகுகள் இன்றுங் காணப்படுகின்றன. பக்தியால் தேய்ந்தன அவை. கிரிசின் பிடியும் உறையும் உடையவன் நிலைக்கும் நாட்டு வழக்குக்கும் ஏற்ப மாறும். அலகு மட்டும் மூதாதையர் பொருளாய் மாறாது நிற்கும்.

சாவகத்தைப் பற்றிக் கூறுங்கால் ஒன்றைக் கூறாது செல்லல் கூடவில்லை. நடுச் சாவகத்தில் லாவு மலையின் சாரலிலே, கி. பி. 1437ஐ ஒட்டி எழுந்த சுக்குக் கோயிலில், கொல்லன் பட்டறையைக் காட்டும் புடைப்புச் சிற்பம் ஒன்று உண்டு. ஒருபுறம் வீமன் போன்ற உருவினன் இருந்து அலகு அடிக்கின்றான். மறுபுறம் அருச்சுனன் போன்றான் துருத்தி ஊதுகின்றான். இடையே யானைமுகக் கடவுள் ஒரு காலைத் தூக்கி நடனஞ் செய்கின்றார். முடிந்த அலகுகள் பல பக்கத்தே அடுக்கப்பட்டுள்ளன. உலோகம் உலையில் மாசு நீங்கி வேறு நிலை எய்துதல் உயிர் விடுதலை எய்துதற்கு அறிகுறியாக அங்கே அமைக்கப்பட்டது என்று ஆராய்ந்தார் கூறுவர். கருத்து இனியதே. ஆயினும் சித்தாந்த நூல்கள் ஆணவத்துக்குச் செம்பிற் களிம்பை உவமை கூறினவேயன்றி, வாளின்மேற் பற்றுந் துருவைக் கூறாமையின் நுட்பம் இவ்விடத்து நினைக்கத்தக்கது. துரு நீராலும் காற்றாலும் புறத்தினின்று வந்து பற்றுவது. ஒருநாள் இல்லாதிருந்து பின் உண்டானது. களிம்போ செம்பு உள்ள அன்றே உடனுள்ளது எனக் கொள்ளப்படுவது. ஆணவம் உயிர்க்குச் சகசமென்பார்க்கு வந்தேறியாகிய துரு உவமையாதல் செல்லாது. துரு நீக்குவான் தொழிலாளி. களிம்பறுத்தற்கோ இரசகுளிகை வேண்டும்.

சயாம் வாளுக்கு மீள்வாம். அலகு 64.5 சென்டிமீட்டர் நீளமுடையது. புதிதாகப் பூட்டிய பிடி 25.4 சென்டிமீட்டர். நிறை 1.3 கிலோகிராம், உறையோடு 1.9 கிலோகிராம். அலகும் பிடியும் கூடுங் கழுத்திடத்தே கருடன்மேல் எழுந்தருளிய திருமாலின் உருவம் பொன்னால் இழைக்கப்பட்டுளது. சக்கிரி மரபு எனப் பெயர் பூண்டு, காத்தற்கடவுளைத் தம் அரசுக்கு அறிகுறியாகக் கொண்ட சயாம் வேந்தர்க்கு அவ்வுருவம் ஏற்றதே. பழைய காம்போச அலகும் புதிய சயாம் பிடியும் இன்னவை இன்னவை எனப் பார்த்த அளவிலே பிரித்தறியக் கிடக்கின்றன. பிடியைப் பழையதுபோற் காட்டும் முயற்சி அங்கே இல்லை. அச்செயலின் நேர்மை பாராட்டத்தக்கது.

அந்நாட்கள் சயாமில் எல்லாமே புதுக்கப்பட்ட நாட்கள். பழைய தலைநகராகிய அயுத்தியா கி. பி. 1767இற் பர்மியராற் பாழாக்கப்பட்டபோது அரண்மனையும் கோயிலும் ஏடுகளும் எரிந்தன. முடிசூட்டு விதி அறிந்தாரும் அருகினர். கி. பி. 1758இல் முடிசூடிய உதும்பொன் வேந்தரின் சடங்கை அறிந்திருந்த பழைய அதிகாரிகளைக் கூட்டி, அவர் நினைவிலிருந்ததனை கி. பி. 1783இல் எழுதுவித்தனர். தென்பாலுள்ள நக்கோன் சி தம்மராட், பத்தலுங் என்னும் ஊர்களினின்று அந்தணர் வந்து குடியேறினர். வாள் கிடைத்த அதே 1784இல் பாங்காக்கில் சிவபிரான், விநாயகர், திருமால் ஆகிய மூவர்க்கும் தனித்தனிக் கோயிலமைந்த தேவஸ்தானமும், அதன் எதிரே பேரூஞ்சலும் எடுக்கப்பெற்றன. மறு ஆண்டாகிய 1785இல் முதலாம் இராமர் விதிப்படி முழுமையாக முடிசூடினார். 1782இல் நடந்த சடங்கு சுருங்கியது, இதுவே நிறைவுடையது. புதுப்பிடி பூட்டிய வாள் அச்சடங்கிற் புகுந்தது; அதன்பின் ஒவ்வொரு முடிசூட்டிலும் இடம்பெற்றது.

சைவர் உள்ளத்தை உருக்குவது அச்சடங்கின் முறை. நீராட்டு நிறைவுற்று, எண்டிசைப் பீடத்தினின்று நீங்கிய வேந்தர் பத்திரபீடத்தில் அமர்வார். அப்போது அரசவை அந்தணர் தலைவராகிய மகாராஜகுரு எதிர்நின்று வணங்கி, கயிலைத் திருக்கதவந் திறத்தல் எனப்படும் மந்திரத்தை ஓதுவார். அது தமிழ் என்று, சயாம் அரசச் சடங்குகளை ஆராய்ந்து 1931இல் நூல் வெளியிட்ட குவாரிச் வேல்ஸ் முதலாயினோர் குறித்துள்ளனர். கயிலையின் கதவு திறந்து சிவபிரான் எழுந்தருளுமாறு வேண்டுவது அதன் கருத்து. அதன்பின்னரே மகுடமும் வாளும் ஏனைய சின்னங்களும் அந்தணர் கையால் வேந்தர்க்கு அளிக்கப்படும். வேந்தர் தேரவாத பௌத்தர். வாளின் கழுத்திலிருப்பவர் திருமால். கதவு திறக்கப்படுவது கயிலைக்கு. அயலார்க்கு இது குழப்பமாகத் தோன்றலாம். காத்தற்றொழிலைச் செய்வார் பதியின் ஆணை வழிநின்றே செய்வர் என்று கொள்ளுஞ் சித்தாந்திக்கு இம்முறைவைப்பிற் குழப்பம் யாதும் இல்லை. சயாம் வேந்தர் அக்கருத்தானே அங்ஙனம் அமைத்தார் என்பது இதன் கருத்தன்று. அச்சடங்கு சித்தாந்திக்குத் தோன்றும் வகை இஃது என்பதே.

அங்கோர்ப் பொன்வாளின் கதையோடு இதனை ஒப்பிடுக. அங்கே மகள் கவர்ந்து கொடுத்தாள். இங்கே கதவு திறக்கப்பெற்ற பின்னர் வாள் கொடுக்கப்படுகின்றது, கவர்தற்கு இடமில்லை. எனினும் வரலாற்றை முழுதுஞ் சொல்லவேண்டும். ஏரி காம்போசத்தது, அலகு காம்போசத்தது, அந்நாடு வலிகுன்றிச் சயாமின் ஆணைக்கு அடங்கியிருந்த காலத்தே வாள் மேற்கு நோக்கிச் சென்றது. சியெம் ரீப் பகுதியும் கி. பி. 1794 முதல் சயாம் வசமிருந்து, 1907இலேயே திரும்பிற்று. வாள் திரும்பவில்லை.

காம்போச அரசர்க்கு வேறொரு திருவாள் புனோம் பென் அரண்மனையில் இருந்தது. பாகு எனப்படும் அந்தணர் வழியினர் அதனைக் காத்தனர். அலகிற் சிறு கறை தோன்றினும் நாட்டுக்குக் கேடு வரும் என்பது ஆண்டு வழங்கிய நம்பிக்கை. ஆகலின் அதனைத் தூய்மையாக வைத்தல் அவர்க்குத் தலையாய கடமையாயிற்று. கி. பி. 1970இல் அரசாட்சி கவிழ்க்கப்பட்டதன் பின்னர் எழுந்த போரிலும் அழிவிலும் அவ்வாள் காணாமற் போயிற்று. 1993இல் அரசாட்சி மீண்டது; வாள் மீளவில்லை.

இனிச் சைவர்க்கு இவ்வரலாற்றின்கண் மிக நெருங்கிய பகுதி ஒன்று உளது. தேவஸ்தானத்து அந்தணர் ஆண்டுதோறும் மார்கழி தைத் திங்களை ஒட்டி நடத்தும் விழா திரியெம்பாவை திரிபாவை என்னும் பெயரினது. திருவெம்பாவை, திருப்பாவை என்பவற்றின் திரிபே அப்பெயர்கள் என்பது எவர்க்கும் வெளிப்படை. சிவபிரான் ஆண்டிற்கொருமுறை பத்து நாள் நிலவுலகிற்கு எழுந்தருளுகின்றார் என்பது அவ்விழாவின் கொள்கை. பேரூஞ்சலில் ஆடவர் ஆடுதல் 1930களில் நின்றது. கோயிலினுள் ஓதுதல் நிற்கவில்லை. ஓதப்படுவனவற்றுள் மணிவாசகப் பெருமானின் திருவெம்பாவைத் திருப்பாட்டுக்கள் உள்ளன. தெ. பொ. மீனாட்சிசுந்தரனார் இதனை ஆராய்ந்து எழுதினார். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு இந்தியவியல் நிறுவனம் சயாம் அந்தணரின் வடமொழி தமிழ் ஏடுகளை நீலகண்ட சர்மாவைக் கொண்டு 1972இற் பதிப்பித்தது.

ஏடுகளின் எழுத்துக் கிரந்தத்தின் வழிவந்தது. ஓதுவார்க்குத் தமிழ் தெரியாது; தந்தை ஓதியபடி மைந்தன் ஓதினான். சயாம் மொழியின் ஓசை தமிழின் ஓசையினின்று பெரிதும் வேறுபட்டது, அதன்கண் இல்லாத ஒலிகள் அண்மையிலுள்ள ஒலிகளாயின, சொல் பிளந்தது, அடி கலைந்தது. நூற்றாண்டுகள் கழிந்தபின் கேட்பார்க்கு இன்னது இன்ன பாட்டு என்று காணுதலே அரிதாயிற்று. பிடி கழன்று ஏரிச் சேற்றிற் கிடந்த அலகின் நிலையை ஒத்தது இது. பொருளாகிய பிடி போயிற்று. ஒலியாகிய இரும்பு நின்றது, துருவேறியேனும் நின்றது.

அறிஞர் அவ்வொலியை நம் ஏட்டுப் பாடத்தோடு ஒப்புநோக்கி இன்ன பாட்டு எனக் கண்டது பிடி பூட்டிய செயலே. அதற்கு மேலும் செல்லவேண்டும் என்னும் வேட்கை தமிழர்க்கு எழுதல் இயல்பே. நம் ஓதுவாரை விடுத்துப் பாடங் கற்பித்து, திரிந்தவற்றை நீக்கித் திருந்திய பாட்டையே அங்கு ஓதுவித்தல் ஆகாதோ எனின், ஆகாது என்பதே விடை. என்னை? அத்திரிபுகள் ஒவ்வொன்றும் ஒரு சான்று. எவ்வெழுத்தினின்று எவ்வெழுத்துக்குப் படியெடுத்தனர், எந்நாளைய தமிழ் உச்சரிப்பு அவர் செவியிற் புகுந்தது என்பனவற்றை அறிதற்கு அத்திரிபன்றி வேறு கருவி இல்லை. திருத்தி ஓதுவித்த அன்றே அச்சான்று அழியும். சாணையில் ஏற்றிய அலகு போல, மின்னுவது மட்டும் மிஞ்சும். மேலும், பொருள் அறியாதும் ஒருநாளும் விடாது காத்தவர் அவர். பொருள் அறிந்த நம் ஊர்க் கோயில்கள் பலவற்றில் மார்கழி வைகறையில் அப்பாட்டு ஓதுவாரின்றிக் கிடந்த காலமும் உண்டு. அவர்க்குப் பாடங் கற்பிக்கப் புகுமுன் இதனை நினைத்தல் நன்று.

செயற்பாலது வேறு. அவர் ஓதும் ஓசையை உள்ளவாறே பதிவு செய்து வைத்தல் வேண்டும். ஏட்டின் எழுத்தை ஒன்றும் மாற்றாது அச்சிடல் வேண்டும். அதன் பக்கத்தே நம் பாடத்தையும் பொருளையும், இது பின்னர்ச் சேர்த்தது என்று புலப்படத் தனியே வைத்தல் வேண்டும். அங்குள்ள அந்தணர் விரும்பிக் கேட்பாராயின் பொருளை உரைக்கலாம்; ஓதும் முறையை மாற்றுதல் அவர் உரிமை. முதலாம் இராமரின் பொற்கொல்லர் செய்ததும் இவ்வளவே: அலகை அலகாக விட்டனர், பிடியைப் பிடியாகவே காட்டினர்.

கி. பி. 2019ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் நாள் பத்தாம் இராமர் முடிசூடிய ஞான்று, பத்திரபீடத்தின்முன் மகாராஜகுரு கயிலைத் திருக்கதவந் திறக்கும் மந்திரத்தை வழிவழி வந்தவாறே ஓதினார். அதன்பின் தொன்லே சாப் ஏரியின் அலகு, பாங்காக்கின் பொற்பிடியோடு, அந்தணர் கையினின்று வேந்தர் கைக்குச் சென்றது.